ரெண்டு கப்பல் உரம்

உக்காருங்க. அம்மா வர்றதுக்கு இன்னும் கொஞ்சம் நேரமாகுமுங்க, கலெக்டர் ஆபீஸ்ல கூட்டம். அம்மான்னு சொல்றது பழக்கமாயிடுச்சு, எங்க வீட்டுக்காரிதானுங்க. பூங்கோதை. கட்சிக்காரங்க எல்லாரும் அம்மாங்கறப்போ நான் மட்டும் பேரச் சொல்லிக் கூப்பிட்டா நல்லாருக்குமுங்களா? மனுவை இப்படிக் குடுங்க, பாத்து வெக்கறேன். வேண்டாமுங்களா? நேர்லயே குடுத்துக்கறீங்களா? சரிங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.

அந்தப் படத்தைத்தான் பாக்கறீங்க போல. பாருங்க. நடுவுல கோட்டுப் போட்டுட்டு வெறைப்பா நிக்கறாரே, அவருதான் எங்க மாமனார் ராக்கியண்ணன் ஐயா. டெல்லியில விவசாயத்துக்குத் துணை மந்திரியா இருந்தவரு. அவரு தோள்ல கை போட்டிருக்கற நெட்டை ஆளு அமெரிக்க ஜனாதிபதி. எந்த ஜனாதிபதின்னு கேக்காதீங்க, பேரச் சொன்னா அவரு நல்லவரா கெட்டவரான்னு ஆரம்பிச்சுருவீங்க, நான் சொல்ல வந்தது நின்னு போயிரும். அந்தப் பக்கம் சேலை கட்டிட்டு நிக்கறது எங்க மாமியார் பாவாயம்மாள்.

இந்தப் படத்தை அமெரிக்காவுல இருந்து கொண்டாந்தது நானுங்க. தெய்வசிகாமணி. கூட்டுறவுச் சங்கத்துல செயலாளரா இருந்து ரிட்டயர்டு. ஐயாவோட நூற்றாண்டு விழா மலர்ல யாருக்கெல்லாமோ நன்றி போட்டாங்க, பந்தல்காரருக்குக்கூடப் போட்டாங்க. எம்பேரு இல்லீங்க. நான் அதைப் பெருசா எடுத்துக்கலை. கேட்டீங்கன்னுதான் சொல்றேன்.

எங்க வீட்டுக்கு இந்தப் பக்கம் கப்பல் வீடுன்னு பேருங்க. கடலு இங்கிருந்து எங்கியோ இருக்குது. எங்க மாமனார் கப்பல்ல கால் வெச்சதில்லை. பேரு எப்படி வந்துதுன்னா, அப்போ நாட்டுல மழையில்லாத காலம். வெளைச்சலுக்கு உரமில்லை. ஐயா ஒரு குழுவைக் கூட்டிட்டு அமெரிக்கா போனாரு. ஜனாதிபதி இவரத் தோள்ல கை போட்டுத் தனியாக் கூட்டிட்டுப் போயி, மத்தவங்களை வெளிய அனுப்பிட்டு, உங்களுக்கு என்ன வேணும் சொல்லுங்கன்னாராம். ஐயா ரெண்டு கப்பல் உரம் வேணும்னாராம். ரெண்டு கப்பலும் ஆடிப்பட்டத்துக்கு முன்னாடி வந்து சேந்துருச்சு. அது உண்மைங்க. எங்க அப்பாகூட அந்த மூட்டைய வாங்கிப் போட்டிருக்காரு. சாக்குல ரெண்டு கை குலுக்கற மாதிரி படம் இருக்கும்.

அதுக்கப்பறம் எந்தத் தேர்தல் வந்தாலும் போஸ்டர்ல அந்தப் படந்தானுங்க. ஐயா முகம், தோள்ல அந்தக் கை. 'ஜனாதிபதி கை போட்ட தோள்'னு கீழ எழுதியிருக்கும். அந்தத் தோளுக்கே நாலு தடவை ஓட்டு விழுந்துச்சு. ஐயா போனப்பறம் அவரு மகன், எங்க மச்சான் திருமூர்த்தி, அதே படத்தை வெச்சு ரெண்டு தடவை எம்.எல்.ஏ. ஆனாரு. அப்பறம் ரெண்டு தடவை தோத்துட்டாரு.

ரெண்டாவது தடவை தோத்ததுக்குக் காரணம் ஒரு பேச்சுங்க. எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தன் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மேடை போட்டு, இதெல்லாம் ஒட்டு வேலை, அந்தக் கை வேற யாரோ கை, அந்தாளு ஜனாதிபதியைத் தூரத்துல இருந்துகூடப் பாத்ததில்லைன்னுட்டான். மச்சானுக்குப் பதில் சொல்லத் தெரியலை. வீட்டுல எங்ககிட்ட இருந்ததும் போஸ்டருக்கு வெட்டுன படந்தான், மொத்தப் படம் எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியாது. மாமியாரைக் கேக்கலாம்னு யாருக்கும் தோணலை. தோணவேண்டியதில்லையில்லீங்களா? அவங்களுக்கு என்ன தெரியும்?

அந்தத் தேர்தலுக்கு முன்னாடியே பூங்கோதை ஒரு வார்த்தை கேட்டாளுங்க. அண்ணா, இந்தத் தடவை நான் நிக்கட்டுமா, ஊருல பொம்பளைங்க கூப்பிடறாங்கன்னு. நம்ம வீட்டுப் பொம்பளைங்க மேடையேறுன வழக்கம் இல்லீன்னு மச்சான் சொல்லிட்டாரு. நானும் அதையேதான் சொன்னேன். அவ மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டா. அவ எப்பவும் அப்படித்தான், சொன்னா ஒத்துக்குவா.

ஐயாவோட நூற்றாண்டு வந்துது. பெரிய விழாவா எடுத்து, கட்சியில இருந்து ஆளைக் கூப்பிட்டு, அடுத்த சீட்டை வாங்கிரலாம்னு மச்சான் கணக்கு. அதுக்கு ஆதாரம் வேணும். எங்க மகள் வானதி அமெரிக்காவுல இருக்கறாளுங்க, நாங்க அப்போ அவ வீட்டுக்குப் போறதா இருந்துது. பூங்கோதை போகலை. அம்மாவை விட்டுட்டு வர முடியாதுன்னுட்டா. நான் மட்டும் போனேன். மச்சான் ஃபோன்ல, மாப்பிள்ளை, அந்த ஜனாதிபதி காயிதமெல்லாம் ஒரு எடத்துல பாதுகாத்து வெச்சிருக்காங்களாம், போயி எடுத்துட்டு வாங்கன்னாரு. ஏதோ ரேஷன் கடைக்குப் போயிட்டு வான்னு சொல்ற மாதிரிங்க.

அங்க ஒவ்வொரு ஜனாதிபதிக்கும் ஒரு நூலகம் கட்டி வெச்சிருக்காங்க. நாம சிலை வெக்கறோம், அவங்க காயிதத்தை வெக்கறாங்க. வானதி கார்ல கூட்டிட்டுப் போனா. உள்ள போறப்போ பையை வாங்கிட்டாங்க. சட்டைப்பையில இருந்த பேனாவையும் வாங்கிட்டு ஒரு பென்சில் குடுத்தாங்க. இத்தனை வருஷம் செயலாளரா இருந்தவன் கையில பென்சில்.

அங்க காயிதமெல்லாம் எடுத்துக் குடுக்கறது லிண்டான்னு ஒரு அம்மா. ரொம்பப் பொறுமைசாலி. ராக்கியண்ணன்னு தேடினா வரலை. வானதி எழுத்தை மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தா. கடைசியில ஐயா பேரை 'ராக்கி', 'ஆனன்'னு ரெண்டாப் பிரிச்சு வெச்சிருக்காங்க. ஜனாதிபதி அன்னன்னிக்கு யாரைப் பாத்தாருன்னு குறிச்சு வெச்ச பக்கம் வந்துது. அதுல ஐயா பேரு இருந்துதுங்க. எனக்குச் சிலிர்த்துப் போச்சு. மந்திரி ஆனன் தலைமையில குழு, கை குலுக்கல், படம் எடுத்தல், அவ்வளவுதான். தனியாப் பேசுனதா இல்லை. அது ரகசியப் பேச்சாச்சே, எழுதி வெப்பாங்களான்னு நான் வானதிகிட்டச் சொன்னேன். அவ அடுத்த பக்கத்தைத் திருப்பிட்டா.

அன்னிக்கு ராத்திரி விருந்து. யாரு பக்கத்துல யாருன்னு ஒரு வரைபடம் போட்டிருந்தாங்க. ஜனாதிபதிக்கு வலது பக்கம் திருமதி ஆனன். அது அவங்க வழக்கமாங்க, வந்தவரு பொண்டாட்டிய விருந்து வெக்கறவரு பக்கத்துல உக்கார வெப்பாங்களாம். நம்மள்ல அப்படியெல்லாம் இல்லை.

அப்பறந்தான் இந்தப் படம் கெடைச்சுது. மொத்தப் படம். பாருங்களேன், ஜனாதிபதி அந்தப் பக்கம் குனிஞ்சு எங்க மாமியார்கிட்ட ஏதோ கேக்கறாரு. நடுவுல ஐயா நிக்கறாரு. குனியறப்போ புடிமானத்துக்குக் கை எங்கியாச்சும் வேணுமில்லீங்களா, ஐயா தோள்ல வெச்சிருக்காரு. எப்படியோ, கை நெசந்தான். ஒட்டு வேலையில்லை. எங்களுக்கு அது போதும். மாமியாரை ஏன் வெட்டுனாங்கன்னா, போஸ்டர்ல எடம் பத்தாதுங்க.

கெளம்பலாம்னு எந்திரிச்சேன். அந்த லிண்டா அம்மா வானதியைக் கூப்பிட்டு, ஒரு ஒலிப்பதிவு இருக்குது, கேக்கறீங்களான்னாங்க. அந்த ஜனாதிபதி தன்னோட ஃபோன் பேச்சையெல்லாம் பதிவு பண்ணி வெச்சிருந்தாருங்களாம். எதிராளிக்குச் சொல்றதும் இல்லையாம். விருந்துக்கு மறுநாள் காலையில ஐயா தங்கியிருந்த ஓட்டலுக்குக் கூப்பிட்டிருக்காரு. ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஹெட்ஃபோன் குடுத்தாங்க.

ஃபோனை எடுத்தது எங்க மாமியாருங்க.

நீங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். எனக்குக் கல்யாணமாகி முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. மாமியார் எங்கிட்ட நேரா நின்னு பேசுனதில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு, பூங்கோதை, அவங்களைச் சாப்பிட வரச் சொல்லும்பாங்க. அவ்வளவுதான். அது மரியாதைங்க, எங்க பக்கம் அப்படித்தான். அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியும்னு எனக்குத் தெரியாது. மிஷன் ஸ்கூல் ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சவங்களாம், பின்னாடி பூங்கோதை சொல்லித்தான் தெரியும். அந்தக் கொரலை நான் அமெரிக்காவுல ஹெட்ஃபோனை மாட்டிக்கிட்டுத்தான் கேட்டேன். சின்ன வயசுக் கொரல். தடங்கலே இல்லாத இங்கிலீஷ்.

ஜனாதிபதி, மந்திரி இருக்காரான்னு கேட்டாரு. குளிக்கறாருன்னாங்க. நெசமாவே தண்ணி விழற சத்தம் பின்னாடி கேக்குதுங்க. சரி, நான் உங்களைத்தான் கூப்பிட்டேன்னாரு அவரு. உங்க ஊர்ல மழை பெய்யலேன்னா யாருகிட்டப் போய்க் கேப்பீங்கன்னு நேத்து விருந்துல கேட்டீங்களே, ராத்திரி பூரா யோசிச்சேன், நாங்க யாருகிட்டயும் போய்க் கேக்கறதில்லை, கேக்கறதுக்கு எங்களுக்கு ஆளில்லைன்னாரு.

அதுக்கு எங்க மாமியார் சொன்னாங்க: "அதனாலதான் கேக்கறவங்க எப்படி நிப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியலை. எங்க வீட்டுக்காரர் வந்ததுல இருந்து கழுத்துப் பட்டனைக் கழட்டாம நிக்கறாரு. நீங்க பாக்கறப்போ பட்டன் அவுந்திருக்கக் கூடாதுன்னு."

ஜனாதிபதி சிரிச்சாருங்க. நல்லாச் சத்தமா. ஒரு கப்பல் அனுப்பலாம்னு இருக்கேன்னாரு. இவங்க, ஒரு கப்பல் வந்தா துறைமுகத்தைச் சுத்தி இருக்கறவங்களோட தீந்துரும், மழையை நம்பிக் கெடக்கற எங்க மேட்டாங்காட்டுக்கு வந்து சேராது, ரெண்டு வேணும்னாங்க. ஆடி மாசத்துக்கு முன்னாடி வரணும், அதுக்கப்பறம் வந்தா அது உரமில்லை, மண்ணுன்னாங்க. ஆடின்னா என்னன்னு அவரு கேட்டாரு. ஜூலைன்னு வெளக்குனாங்க. யாரோ பக்கத்துல இருக்கறவங்ககிட்ட அவரு என்னமோ கேட்டாரு. அப்பறம், சரி, ரெண்டுன்னாரு. மந்திரிகிட்ட நான் சொல்லிடறேன், நீங்க கேட்டீங்கன்னு சொல்றேன்னாரு.

"வேண்டாம்," அப்படீன்னாங்க மாமியார். "அவரு கேட்டுத்தான் குடுத்தீங்கன்னு சொல்லுங்க."

தண்ணி மட்டும் விழுது. அப்பறம் அவரு, உங்களுக்கு அப்படித்தான் வேணுமான்னாரு.

"எனக்கு உரம் வேணும். பேரு அவருக்கு வேணும்."

அதோட முடிஞ்சுதுங்க.

நான் ஹெட்ஃபோனைக் கழட்டுனேன். வானதி கண்ணைத் தொடைச்சுட்டு இருந்தா. அங்க ஏசி ஜாஸ்திங்க. அப்பறம் யோசிச்சேன். ஐயா எவ்வளவு பெரிய ஆளு பாருங்க. குளிக்கப் போறதுக்கு முன்னாடியே என்னென்ன பேசணும்னு பொண்டாட்டிக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருக்காரு. இல்லேன்னா ஆடிப்பட்டத்துக் கணக்கெல்லாம் ஒரு பொம்பளைக்கு எப்படித் தெரியும்? வானதிகிட்டச் சொன்னேன். கார்ல ஏறுனதும் அவ ரேடியோவைச் சத்தமா வெச்சுட்டா.

ஊருக்கு வந்து, வானதி என் ஃபோன்ல ஏத்திக் குடுத்திருந்த படத்தையும் பதிவையும் மச்சானுக்குப் போட்டுக் காட்டுனேன். மச்சான் ரெண்டு தடவை கேட்டாரு. இங்கிலீஷ் அவருக்குக் கொஞ்சம் கஷ்டம், நான் தமிழ்ல சொன்னேன். கேட்டுட்டு, மாப்பிள்ளை, இதுல தேவையானது மட்டும் இருந்தாப் போதும்னாரு. 'சரி, ரெண்டு' அப்படீங்கறதும் 'மந்திரிகிட்ட நான் சொல்லிடறேன்'ங்கறதும். ஜனாதிபதி கொரல். அதை மட்டும் வெட்டி எடுத்து மேடையில போடறது. அம்மா கொரல் எதுக்கு, வீட்டுப் பேச்சு வெளிய எதுக்குன்னாரு. அவரு சொன்னதுலயும் நியாயம் இருந்துதுங்க.

மச்சான் கெளம்பிப் போனப்பறம் பூங்கோதை, எனக்கு ஒரு தடவை குடுங்கன்னு ஃபோனை வாங்கிட்டுப் போனா. மாட்டுக் கொட்டாய்க்குப் போயி உக்காந்து கேட்டா. ரொம்ப நேரம் வரலை. பால் கறக்கறதுக்கு நேரமாச்சேன்னு போயிப் பாத்தேன். மாட்டு மேல சாஞ்சுட்டு நின்னா. மலருக்கும் விழாவுக்கும் பேச்சைத் தயார் பண்றது, மைக்செட்டுக்காரன்கிட்டக் குடுக்கறது எல்லாம் நானே பாத்துக்கறேன், நீங்க அலைய வேண்டாம்னா. எனக்கும் அலைச்சல் மிச்சம்.

விழாவுக்கு நல்ல கூட்டமுங்க. கட்சியில இருந்து ஒரு முன்னாள் மந்திரி வந்திருந்தாரு. மாமியாரைச் சக்கர நாற்காலியில வெச்சு முன் வரிசையில உக்கார வெச்சிருந்தோம். தொண்ணூறை நெருங்கிட்டாங்க, காதுக்கு மெஷின். மச்சான் பேசி முடிச்சு, இப்போ ஜனாதிபதியோட கொரலையே கேளுங்கன்னு கையைக் காட்டுனாரு.

மைக்செட்டுக்காரன் தப்பு பண்ணிட்டானுங்க. வெட்டுனதைப் போடாம முழுசையும் போட்டுட்டான்.

மொதல்ல தண்ணி சத்தம். அப்பறம் எங்க மாமியார் கொரல். மச்சான் நிறுத்துங்கறாரு, அவனுக்குக் காது கேக்கலை போல, தூரமா ஜெனரேட்டர் பக்கத்துல உக்காந்திருந்தான். கூட்டத்துக்கு ஒண்ணும் புரியலை, எல்லாம் இங்கிலீஷ். ஒருத்தரை ஒருத்தர் பாக்கறாங்க. அவமானமாப் போச்சேன்னு நான் நெனைக்கறேன், பூங்கோதை எந்திரிச்சு மேடைக்குப் போயிட்டா. யாராச்சும் வெளக்கணுமில்லீங்களா? மைக்கைப் புடிச்சா. அவங்க ஒரு வாக்கியம் பேச, இவ தமிழ்ல ஒரு வாக்கியம் சொல்றா. அதுலயும் ஒரு அதிசயம், அவ சொல்றதுக்குத் தோதா ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவுல எடம் விட்டு விட்டு ஓடுது. எங்கயும் தடுமாறலை. அந்த எடத்துலயே யோசிச்சு அப்படிச் சொல்றது லேசில்லீங்க. அவளுக்கு அப்படியொரு தெறமை இருக்கறது எனக்கே அன்னிக்குத்தான் தெரியும்.

கழுத்துப் பட்டன் பேச்சு வந்தப்போ பொம்பளைங்க பக்கத்துல ஒரு கெழவி சிரிச்சா. அப்பறம் அந்தப் பக்கம் பூராவும் சிரிச்சாங்க. மேட்டாங்காட்டுக்கு வந்து சேராதுன்னு சொன்னப்போ ஆம்பளைங்க தலையாட்டுனாங்க. கடைசிப் பேச்சு வந்துது. எனக்கு உரம் வேணும்னு சொல்லிட்டு நின்னுட்டா. மீதியை அவளால சொல்ல முடியலை. யாரும் கை தட்டலை. முன் வரிசையில மாமியார் மெஷினைக் காதோட அழுத்திப் புடிச்சுட்டு உக்காந்திருந்தாங்க. அப்பறம் பொம்பளைங்க எந்திரிச்சு நின்னாங்க. ஒருத்தரு ஒருத்தரா, எதுக்குன்னு யாரும் சொல்லாமயே. அந்த முன்னாள் மந்திரியும் எந்திரிச்சாரு.

சீட்டு பூங்கோதைக்கு வந்துது. கட்சி சர்வே எடுத்துச்சாம். ஜெயிச்சது உங்களுக்கே தெரியும். மச்சான் இப்போ தோட்டத்தைப் பாத்துக்கறாரு. கொஞ்ச நாள் பேசாம இருந்தாரு, போன பொங்கலுக்கு வந்தாரு. அந்த மைக்செட்டுக்காரனைத்தான் பூங்கோதை இன்னும் எல்லா விழாவுக்கும் கூப்பிடறா. அவ்வளவு பெரிய தப்பு பண்ணுனவன். அவளுக்கு மனசு பெருசுங்க.

இதுல எனக்கு என்ன வருத்தம்னா, நான் போகலேன்னா இது எதுவுமே இல்லை. யாராச்சும் அதை ஒரு வார்த்தை சொன்னாங்களா? ஒருத்தர் சொன்னாங்க. அது யாருன்னு நீங்க நம்ப மாட்டீங்க.

விழா முடிஞ்ச மறுநாள் காலையில நான் வாசல்ல பேப்பர் படிச்சுட்டு இருந்தேன். மாமியார் கதவைத் தாண்டி வந்தாங்க. நாற்காலியில்லை, சொவத்தைப் புடிச்சுட்டு நடந்து வந்தாங்க. என் முன்னாடி நின்னாங்க. நான் பதறி எந்திரிச்சேன்.

"மாப்பிள்ளைங்க," அப்படீன்னாங்க. "உக்காருங்க. நீங்க போயி அதைக் கொண்டாரலேன்னா, அவருதான் கேட்டு வாங்குனாருன்னே நெனச்சுட்டு நானும் போயிச் சேந்திருப்பேன். அவரு மேடைக்கு மேடை சொல்லி, நான் அம்பது வருஷமாக் கேட்டு, எனக்கே அப்படித்தான்னு ஆயிப்போச்சு."

அப்பறம் பேப்பரை எங்கையில இருந்து வாங்கிட்டு உள்ள போயிட்டாங்க. அன்னிக்கு இங்கிலீஷ் பேப்பருங்க.

நீங்களே சொல்லுங்க. அவருதான் கேட்டு வாங்குனாருன்னு அவங்க வாயாலயே வந்துருச்சில்லீங்களா? இதை விட ஆதாரம் என்ன வேணும்? மலர் ரெண்டாம் பதிப்பு போடறப்போ இதை மொதப் பக்கத்துல போடுன்னு பூங்கோதைகிட்டச் சொன்னேன். காபி குடிக்கறீங்களான்னு கேட்டா.